நிர்வாணத்துக்குப் பின்

பாலின மாற்று அறுவையைப் பற்றித் தமிழில் எழுத்தே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ வந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது. ஆ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, ‘வெள்ளை மொழி’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, பிரியா பாபுவின் நூல்கள், கல்கி சுப்ரமணியத்தின் ‘குறி அறுத்தேன்’ என்று அலமாரியில் ஒரு தட்டு நிறைகிறது. பக்கத்துத் தட்டில் தீர்ப்புகள், சட்டம், மருத்துவ வழிகாட்டிகள். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். அறுவைக்குப் போகிறவரின் காம வாழ்வை, அதாவது ஆசை, தொடுவுணர்வு, உச்சம், வலி, சிறுநீர் தடையின்றிப் போவது உட்பட்ட உடலின் அன்றாடச் செயல்களை, இந்தப் பதிவுகள் எந்த அளவுக்குக் கணக்கில் எடுத்திருக்கின்றன? அளவுகோல் குறுகியதாகத் தோன்றலாம். ஆனால் அறுவை நடப்பது உடலில். முதலில் விசாரிக்க வேண்டியதும் அந்த உடலைத்தான்.

விசாரணையைக் கூவாகத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கூவாகத்தின் கூத்தாண்டவர், அதாவது அரவான், கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்துவிட்டார்; மிஸ் கூவாகம் அழகிப் போட்டி மேடை மட்டும் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டது. சித்திரையில் பதினெட்டு நாள் நடக்கும், திருநங்கையர் கூடும் விழாவின் கதை எல்லோரும் அறிந்தது. களப்பலிக்கு ஒப்புக்கொண்ட அரவான், இல்லற இன்பம் அறியாமல் சாக மாட்டேன் என்கிறான். பெண் கொடுக்க ஆள் இல்லை. கண்ணன் மோகினியாகிறான். விழாவில் திருநங்கையருக்கு இரவு தாலி, மறுநாள் பந்தலடியில் தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, வெள்ளைச் சேலை.

இந்தக் கதையின் தத்துவார்த்த ஆழத்தைப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் மதிப்பது வேறொன்றை. உடலின்பம் ஒரு நியாயமான கோரிக்கை, அதை நிறைவேற்றாமல் ஒருவனிடம் உயிரைக் கேட்கக் கூடாது என்று இந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. பாண்டவரின் வெற்றியே அந்த ஓர் இரவை நம்பி நிற்கிறது. நம்முடைய மருத்துவத் துறையும் நலத்துறையும் இதுவரை கொடுக்காத இடத்தைக் கோவில் கொடுத்திருக்கிறது. குறையும் அங்கேயே இருக்கிறது. மோகினியின் உடல் மாயையால் ஆனது. அதற்குக் கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், ஆறும் காலம் வேண்டாம். இன்பத்துக்கும் ஓர் இரவுதான் கெடு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1995இல் எழுதிய நீண்ட கட்டுரை, அரவானின் உடல் துண்டாகி மீண்டும் கட்டப்படுவதையும் திருநங்கையரின் உடல் மாற்றத்தையும் அருகருகே வைத்துப் படிக்கிறது. நுட்பமான வாசிப்பு, திரௌபதி வழிபாட்டை அவர் அளவுக்கு அறிந்த வெளிநாட்டு அறிஞர் குறைவு. ஆனாலும் அவர் கையில் உடல் குறியீடாகிவிடுகிறது. குறியீட்டுக்குச் சிறுநீர் அடைப்பு வராது.

எச்.ஐ.வி. காலம் வந்தபின் கூவாகத்துக்கு இன்னொரு பார்வை வந்து சேர்ந்தது. ஆணுறை விநியோகம், விழிப்புணர்வுக் கூடாரம், பரிசோதனை முகாம். இதன் நன்மையைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் 2014-15 கணக்கெடுப்பில் திருநங்கையரிடையே தொற்று 7.5 சதவீதம் என்று வந்தபோது, முகாம் போடாமல் வேறென்ன செய்வது? ஆனால் பாலியல் ஆரோக்கியம் என்றாலே தொற்று, தொற்று என்றாலே திருநங்கை என்று ஒரு சமன்பாடு அங்கிருந்துதான் இறுகியது. உலக சுகாதார நிறுவனம் பாலியல் ஆரோக்கியத்துக்குத் தந்த விளக்கத்தில் பாதுகாப்பும் இன்பமும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கின்றன. நம் முகாம்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

இனி நூல்கள். ‘வாடாமல்லி’யை வேகமாகக் கடக்கலாம். சுயம்பு என்ற பொறியியல் மாணவரின் கதையை வெகுசன வாசகருக்கு எடுத்துச் சென்ற துணிச்சல் சமுத்திரத்துடையது. கேலிப் பாத்திரமாகவே அதுவரை வந்துபோனவர்களுக்கு ஒரு நாவலின் நடுநாயக இடத்தைக் கொடுத்தார். அந்த அனுதாபத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தொடக்கத்தில் தலைகாட்டும் ஆசையின் இடத்தைப் போகப்போகத் துயரமும் தலைமைப் பண்பும் பிடித்துக்கொள்கின்றன. வாசகரை அழ வைக்க வேண்டுமென்றால் நாயகியிடம் காமம் இருக்கக் கூடாது என்பது அந்தக் காலத் தொடர்கதையின் எழுதாத விதி. சமுத்திரம் பல விதிகளை உடைத்தார்; இதை உடைக்கவில்லை.

‘நான், வித்யா’வுக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். 2007இல் கிழக்குப் பதிப்பகம் வெளியிட்ட இந்நூல் அறுவையில்தான் தொடங்குகிறது. கடப்பாவில், முழு மயக்கமின்றி, அவசர கதியில் நடக்கும் அந்த அறுவையை வித்யா சொல்லும் விதத்தில் மிகையும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. வலியும் நிறைவும் ஒரே மூச்சில் வருகின்றன. தமிழ்த் தன்வரலாற்றில் உடல்வலியை இவ்வளவு கறாராக எழுதிய பக்கங்கள் சிலவே. அதன் பிறகு கதை குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி, இந்த மேசைக்கு ஏன் வந்தேன் என்பதை விளக்கிக்கொண்டே முன்னேறுகிறது. அறுவையை நூலின் வாசலாக வைத்த இந்த அமைப்பு கலையாக வெற்றி. நம் கேள்விக்கு அதுவே தடை. வாசலைத் தாண்டிய உடல் என்ன ஆயிற்று? பெயர் மாற்றத்துக்கான அலைச்சல், வேலை, தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றித் துல்லியமாகப் பேசும் நூல் இதில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது.

இதைக் குறையென்று சொல்ல எனக்கே தயக்கம் உண்டு. ‘உனக்குக் கீழே என்ன இருக்கிறது’ என்று எட்டிப் பார்க்கும் பொதுப்புத்தியின் முகத்தில் கதவைச் சாத்துவது ஒரு திருநங்கை எழுத்தாளரின் உரிமை. பாலியல் தொழிலோடு மட்டுமே தன் இனத்தைக் கட்டிப்போடும் வாசகருக்கு எதிராக, படித்த உழைப்பாளியாக நின்று பேசுவது வித்யாவின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இந்த மௌனம் பொருந்துகிறது. ஒரு நூலின் மௌனம் உரிமைதான். ஒரு தட்டு முழுக்க அதே மௌனம் என்றால் அது குறைதான்.

அந்த மௌனத்தை உடைத்தவர் ரேவதி. ‘உணர்வும் உருவமும்’ (2004) மற்றவர்களின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டியது. தொகுப்பாளர் பின்வாங்கி நிற்கிறார். தன் கதையைச் சொன்னது ‘வெள்ளை மொழி’. வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முதலில் வந்து, மறு ஆண்டு அடையாளம் வெளியீடாகத் தமிழுக்கு வந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமம், டெல்லி, மும்பை, திண்டுக்கல்லில் ஒரு மருத்துவரிடம் அறுவை, மறுபடி மும்பை, பின் பெங்களூரு. இந்த நீண்ட பாதையில் ரேவதி ஒரு வாக்குமூலம் தருகிறார்: பாலியல் தொழிலுக்குப் போனதற்கு வறுமையையோ வற்புறுத்தலையோ காரணம் காட்டாமல், தன் உடலின் ஆசையைக் காரணமாக வைக்கிறார். தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை. அனுதாபம் கிடைக்கும் பாதை திறந்தே இருக்க, அதில் போகாமல் தன்னை ஆசையுள்ள மனுஷியாக நிறுத்திக்கொள்கிறார். உடனே அடுத்த படியையும் எழுதுகிறார்: ஆசை தேடிப் போன இடத்தில் ரவுடியின் வன்முறையும் போலீஸ் அடியும் கிடைக்கின்றன. பின்னாளில் அமையும் மணவாழ்வும் முறிவும் அதே நேர்மையோடு வருகின்றன. அறுவையால் ஆசை தீர்ந்துபோகும் என்ற புராணத்தையும், அறுவை முடிந்தால் வாழ்வு சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் ஒரே நூல் கலைத்துவிடுகிறது.

‘வெள்ளை மொழி’க்கும் எல்லை உண்டு. ஆசையைச் சொன்ன அளவுக்குத் தொடுவுணர்வைச் சொல்லவில்லை. எது மிஞ்சியது, எது போயிற்று என்பதை வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நடையிலும் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்துக் குவிந்து, சில இடங்களில் நின்று யோசிக்க இடம் விடுவதில்லை. ஆனால் எடை போட்டால் தட்டு இந்தப் பக்கமே சாய்கிறது.

மிஞ்சியது எது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மருத்துவத்துக்குள் நுழைந்தாக வேண்டும்.

திருநங்கையரின் ஜமாத்தில் நிர்வாணம் என்று சொல்லப்படுவது ஆண்குறி, விரைகள், விரைப்பை மூன்றையும் நீக்குவது. அறுவை செய்யும் மூத்த திருநங்கையான தாயம்மாவின் கையால் நடந்த காலத்தில், அவர்கள் வழிபடும் மாதாவின் பெயர்தான் மயக்க மருந்து. காயத்தில் வெந்நீர் ஊற்றி, நாற்பது நாள் கண்ணாடி பார்க்காமல், ஆண் முகம் பார்க்காமல் இருந்து, நாற்பதாம் நாள் மஞ்சளும் மருதாணியும் வைத்துச் சடங்கு. பிறகு ‘டாக்டர் நிர்வாணம்’ வந்தது. ஊசியும் தையலும் வந்தன. செய்யப்படும் வேலையோ பல இடங்களில் அதேதான்: நீக்கு, மூடு. யோனி அமைப்பது அதில் இல்லை.

பாலியல் செயல் என்ற கோணத்தில் இதன் விளைவு கனமானது. ஆண்குறியின் மொட்டும் அதற்குப் போகும் நரம்புக் கற்றையும்தான் தொடுவுணர்வின் தலைமை இடம். முறையான யோனி அமைப்பு அறுவையில் அந்த மொட்டின் ஒரு பகுதியை நரம்போடும் ரத்தக்குழாயோடும் காப்பாற்றி கிளிட்டோரிஸாக வைக்கிறார்கள். குறியின் தோலை உள்நோக்கித் திருப்பி யோனிச் சுவராக்குகிறார்கள். புராஸ்டேட் சுரப்பியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அறுவைக்குப் பின்னும் உச்சம் எட்ட முடிவது இந்தச் சேமிப்பால்தான். வெறும் நீக்கலில் மொட்டும் நரம்பும் தோலும் குப்பைக்குப் போகின்றன. பத்தாண்டு கழித்து அதே பெண் யோனி வேண்டும் என்று வந்தால், அறுவை மருத்துவர் கையில் திருப்பத் தோல் இல்லை. பெருங்குடலின் ஒரு துண்டையோ, வேறிடத்துத் தோலையோ, வயிற்று உட்சவ்வையோ தேட வேண்டும். அறுவை பெரிதாகிறது, ஆபத்தும் கூடுகிறது. சிறுநீர்த் துளை சுருங்கிப்போவது இன்னொரு தொல்லை. நீர் நூலாக ஒழுகும், அல்லது சிதறித் தொடையை நனைக்கும். தொற்று திரும்பத் திரும்ப வரும். விரைகள் போனபின் ஈஸ்ட்ரோஜனும் எடுக்காவிட்டால் ஆசை மங்குவதோடு எலும்பும் மெலியும். சிக்கனம் என்று செய்த முதல் அறுவை, பின்னால் வரக்கூடிய பல வழிகளை அடைத்துவிடுகிறது. எந்தத் தமிழ் நூலிலும் இந்த எச்சரிக்கை தெளிவாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

முறையான அறுவையும் வரமாக இறங்கி வருவதில்லை. தோலால் ஆன யோனிக்குத் தன்னீரம் கிடையாது. உறவுக்குக் களிம்பு வேண்டும். டைலேட்டரை முதல் மாதங்களில் தினமும் பலமுறை உள்ளே வைத்திருக்க வேண்டும். பிறகு இடைவெளி கூடினாலும் வழக்கத்தை விட முடியாது, விட்டால் வழி சுருங்கும். குருவும் அவருடைய சீடர்களான சேலாக்களுமாகப் பத்துப் பேர் ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில், தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில், அரை மணி நேரம் இதற்கென்று தனியாக ஒதுங்குவது எப்படி? அறுவைக்கு முன் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முதல் வரிசைக் கேள்வி. ஆழமான யோனியே வேண்டாம், வெளித்தோற்றமும் தொடுவுணர்வும் போதும் என்பவர்களுக்கு ஆழமில்லாத அறுவை ஒன்றும் இருக்கிறது. ஆனால் எது வேண்டும் என்று தெரிய, அவர் எப்படி உறவு கொள்கிறார், இப்போதுள்ள உறுப்பைத் தொடவே விடாதவரா, பயன்படுத்துகிறவரா, துணை உண்டா, எதில் இன்பம், எதில் அருவருப்பு என்று பேசியாக வேண்டும். அப்படிப் பேசாமல் அறுவை வகையைத் தேர்ந்தெடுப்பது குருட்டுத் தேர்வு. கேரளத்தின் திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ், அறுவைக்குப் பிந்தைய தன் வேதனையைப் பொதுவெளியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே 2021 ஜூலையில் இறந்தார். யோனி அமைப்பு அறுவை கிடைத்துவிட்டாலே போதும் என்ற வாதத்துக்கு அதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை.

பேசுவதற்கு அளவுகோல் வேண்டுமென்று ஆய்வுலகம் கேள்வித்தாளைக் கையில் எடுத்தது. அங்கும் நிறை குறை கலந்தே இருக்கிறது. உலகெங்கும் அதிகம் பயன்படும் பெண் பாலியல் செயல்பாட்டுக் குறியீடு 2000இல் பிறப்பால் பெண்ணானவர்களுக்கென்று உருவானது. பத்தொன்பது கேள்விகள், கடந்த நான்கு வாரங்களைப் பற்றி. அவற்றில் பதினைந்துக்கு, உறவே கொள்ளவில்லை என்று பதில் சொன்னால் மதிப்பெண் பூஜ்யம். அறுவைக்காகக் காத்திருக்கும் திருநங்கை ஒருவர் தன் உறுப்பின் மீதுள்ள வெறுப்பால் நான்கு வாரமும் யாரையும் நெருங்க விடவில்லை என்றால், தாள் அவரைக் கடுமையான பாலியல் குறைபாடுள்ளவர் என்று எழுதிக்கொள்ளும். யோனி ஈரத்தைப் பற்றிய நான்கு கேள்விகளுக்கு அவர் என்ன சொல்வார்? அறுவைக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண் எடுத்துக் கழித்துப் பார்க்கும் ஆய்வுகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான். கழிக்கப்படும் முதல் எண்ணுக்கே பொருள் இல்லை. அறுவை முடிந்த திருநங்கையருக்கென்று தனிக் குறியீடுகள் அண்மையில் வந்திருப்பது முன்னேற்றம். ஆனால் அவை அறுவைக்குப் பின்னரே தொடங்குகின்றன. காத்திருப்பவருக்கான அளவுகோல் இன்னும் மெலிந்தே கிடக்கிறது.

இந்தத் துறையில் நான் மதிக்கும் பழைய ஆய்வு பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தது. 2005இல் வெளியான அது, அறுவை முடிந்த 55 பேரை, 32 திருநங்கையர், 23 திருநம்பியர், நேரில் வரவழைத்துப் பரிசோதித்துப் பேசியது. பாலியல் வாழ்வு மேம்பட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 80 சதவீதம். அதே ஆய்வு, மன அளவிலும் சமூக அளவிலும் எதிர்பார்ப்புகள் நிறைவேறிய அளவுக்கு உடலளவிலும் பாலியலிலும் நிறைவேறவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னதுதான் அதன் தகுதி. குறை வெளிப்படை: எண்ணிக்கை சிறிது, கேள்வி கேட்டதும் சிகிச்சை தந்த அதே மருத்துவமனை. அங்கே போய் உங்கள் கத்தி எனக்குச் சுகம் தரவில்லை என்று எத்தனை பேர் சொல்வார்கள்? மேலும் அது காப்பீடும் தொடர் கவனிப்பும் உள்ள நாட்டின் சித்திரம். கடப்பா மேசையிலிருந்து எழுந்தவருக்கு அந்த 80 சதவீதத்தைப் பொருத்திப் பேசுவது மோசடி.

கொள்கையளவில் உலகம் நகர்ந்திருக்கிறது. நோய்களின் பன்னாட்டுப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு, 2022இல் நடப்புக்கு வந்தபோது, பாலின முரணை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பாலியல் ஆரோக்கியப் பிரிவில் வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு வழிகாட்டி, பாலியல் ஆரோக்கியத்துக்கு ஒரு தனி இயலே ஒதுக்கி, சிகிச்சை இன்பத்தையும் செயலையும் எப்படி மாற்றும் என்று முன்கூட்டியே பேச வேண்டியதை மருத்துவரின் கடமையாக்கியது. 2019இல் நாம் இயற்றிய திருநர் உரிமைச் சட்டமும் இச்சங்கத்தின் வழிகாட்டிகளையே சாட்சிக்கு அழைக்கிறது. ஆனால் 2019இல் இயற்றியபடி அந்தச் சட்டத்தின் உள்கட்டமைப்பைப் பாருங்கள். திருநர் என்ற சான்றிதழுக்கு அறுவை வேண்டாம். ஆண் அல்லது பெண் என்று மாற்றிய சான்றிதழுக்கு அறுவை நடந்ததாக மருத்துவமனைச் சான்று வேண்டும். அறுவையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இது எதிர்த்திசை. நம் கேள்வியின் கோணத்தில் கேடு இன்னும் நுட்பமானது: அறுவை ஓர் ஆவணத்துக்கான கட்டணமாகிவிடுகிறது. ஆவணத்துக்கு மலிவான நீக்கலே போதும். எந்த வகை அறுவை, உணர்வு மிஞ்சியதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

தமிழக அரசின் சாதனையை இங்கே சொல்லாமல் போவது நியாயமில்லை. நாட்டில் முதலாவதாக 2008இல் நல வாரியம் அமைத்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த அறுவையை இலவசமாகச் செய்ய வழி திறந்தது. கடப்பாவுக்குப் போகிற ரயிலிலிருந்து சிலரையாவது அது இறக்கிவிட்டது. ஆனால் வாரியத்தின் மொழி அடையாள அட்டை, வீட்டுமனை, தையல் இயந்திரம் என்று நலத்திட்ட மொழியாகவே நிற்கிறது. மத்திய அரசின் 2022 காப்பீட்டு ஏற்பாடு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பேசுகிறது. தொகையைச் சொல்லும் அளவுக்குத் தரத்தைச் சொல்லவில்லை.

திருநம்பியர் பற்றி இந்தப் பதிவுகளில் எழுத ஏதுமில்லை என்பதே எழுத வேண்டியது. டெஸ்டோஸ்டிரோன் ஆசையைக் கூட்டும், கிளிட்டோரிஸைப் பெரிதாக்கும், யோனியை வறளவைக்கும். ஆண்குறி அமைப்பது பல கட்ட அறுவை, சிறுநீர்க் கசிவு அதில் வழக்கமான தொல்லை. கூவாகத்தில் அவர்களுக்குச் சடங்கு இல்லை, தமிழ்த் தட்டில் அவர்கள் எழுதிய, ‘வெள்ளை மொழி’க்கு இணையான நூல் இல்லை. ரேவதியின் 2016 ஆங்கில நூல் அவர்கள் குரல்களுக்கு இடம் கொடுத்ததைக் குறிப்பிட்டாக வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி அமைகிறது. ஆசையை ஒப்புக்கொண்டதில் கூத்தாண்டவர் கதை முந்தியது. உடலின் பின்வாழ்வைச் சொல்லாததால் அங்கேயே நின்றுவிட்டது. வலியை எழுதியதில் வித்யா முதன்மை. ஆசையை எழுதியதில் ரேவதிக்கு நிகர் இல்லை. மொத்தக் கணக்கிலும் முதலிடம் ‘வெள்ளை மொழி’க்கே. முறைமையில் எட்டாம் வழிகாட்டி சிறந்தது, ஆனால் அதைத் தமிழில் ஒரு பெண்ணிடம் பேசிக் காட்டிய மருத்துவப் பதிவு கண்ணுக்குத் தெரியவில்லை. கேள்வித்தாள்கள் திருத்தத்துக்குரியவை. சட்டம் இந்தக் கேள்வியில் தோல்வி.

கள்ளக்குறிச்சிக்கு இப்போது சொந்தமாக ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிறுவங்கூரில், 2022 ஜனவரியில் திறந்த பதினொன்றில் ஒன்று. கூவாகத்துக்கு வந்துபோகும் பெண்கள் நேரடியாகச் செல்லக்கூடிய வெளிநோயாளர் பிரிவு அது. அங்கே அறுவைத் துறைக்கு வரும் மாணவருக்கு முதலில் ‘வெள்ளை மொழி’யைக் கொடுக்கச் சொல்வேன், அடுத்து வழிகாட்டியின் பாலியல் ஆரோக்கிய இயலை, பத்தொன்பது கேள்வித் தாளை, பூஜ்யங்களை அடித்துவிட்டு, மூன்றாவதாக.